இரைப்பையின் மேல்பாதியை எடுத்தால் எதுக்களிப்பு வருமா? எப்படி இணைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது

கேள்வி இதுதான். தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. எண்டோஸ்கோபியில் இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சின்னதாக ஒரு புற்று தெரிந்திருக்கிறது. சி.டி. ஸ்கேனில் வேறெங்கும் பரவல் இல்லை. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் மேல்பாதியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். திருவனந்தபுரத்தில் பார்த்தவர், முழு இரைப்பையையும் எடுத்துவிடுங்கள், பாதியை வைத்தால் வாழ்நாள் முழுக்க நெஞ்செரிச்சலோடும் எதுக்களிப்போடும் கிடக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, நான் வயிற்று அறுவை சிகிச்சையில் பல வருடமாக இருக்கிறவன், நம்ம குமரி மாவட்டத்துக்காரன்தான். இரண்டு டாக்டர்களும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இருவரிடமும் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: எடுத்த பிறகு எப்படி இணைக்கப் போகிறீர்கள்? எதுக்களிப்பு வருவதும் வராததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. எவ்வளவு எடுத்தார்கள் என்பது அதற்கு அடுத்த விஷயம்.

முதலில் சாதாரண வயிற்றில் சாப்பாடு ஏன் மேலே ஏறுவதில்லை என்று பார்ப்போம். உணவுக்குழாயின் அடியில் மூன்று நான்கு செ.மீ. நீளத்துக்கு ஒரு தசை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் தளரும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசைகள் அதை வெளியிலிருந்து இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். உணவுக்குழாயின் கடைசித் துண்டு வயிற்றுக்குள் இருப்பதால், குனிந்தாலும் இருமினாலும் வயிற்றில் ஏறுகிற அழுத்தம் அந்தத் துண்டையும் சேர்த்தே நசுக்கி மூடும். நான்காவதாக, உணவுக்குழாய் இரைப்பைக்குள் நேராக இறங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நுழைகிறது. அதன் இடதுபுறம் இரைப்பையின் உச்சி குடைபோல் மேலெழுந்து நிற்கும், சாப்பாடும் காற்றும் நிரம்பும்போது அந்த உச்சி உணவுக்குழாயைப் பக்கத்திலிருந்து அழுத்தும். மேல்பாதியை எடுக்கும்போது இந்த நான்கும் ஒரே வெட்டில் போய்விடுகின்றன. மிச்சமிருக்கிற கீழ்ப்பாதியோ அமிலம் சுரப்பதை நிறுத்தாது, கூடவே சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்திலிருந்து பித்தநீரும் அதற்குள் வரும். உணவுக்குழாயை இந்த மிச்ச இரைப்பையின் உச்சியில் நேராக வைத்துத் தைத்துவிட்டால், தடுப்பே இல்லாத ஒரு குழாய் மிஞ்சும். படுத்தால் ஏறும், குனிந்தால் ஏறும், ராத்திரி இருமலில் எழும்ப வைக்கும், சிலருக்கு நுரையீரலுக்குள்ளும் போகும். திருவனந்தபுரம் டாக்டர் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகவே உலகம் முழுக்கப் பல அறுவை மருத்துவர்கள் மேல்பகுதிப் புற்றுக்கு முழு இரைப்பையையும் எடுப்பதையே பழக்கமாக வைத்திருந்தார்கள், இன்றும் நிறையப் பேர் அப்படித்தான்.

மாற்றம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தது. அங்கே எண்டோஸ்கோபி பரிசோதனை பரவலாக நடப்பதால் புற்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கிறார்கள், நோயாளி இன்னும் இருபது முப்பது வருடம் வாழப்போகிறவர், அப்படியிருக்கும்போது அந்த வருடங்களை அவர் எப்படிச் சாப்பிட்டு எப்படித் தூங்கிக் கழிப்பார் என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. அதனால் மேல்பாதியை மட்டும் எடுத்துவிட்டு, போன வால்வுக்குப் பதிலாக ஒன்றைக் கையாலேயே கட்டி எழுப்பும் முறைகள் வந்தன.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது காமிகாவா என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1990களின் கடைசியில் கொண்டுவந்த இரட்டை மடல் முறை. விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற எல்லாம் புரியும். இரைப்பையின் சுவரில் அடுக்குகள் உண்டு. வெளியே தசை, உள்ளே சளிச்சவ்வு. மிச்ச இரைப்பையின் முன்சுவரில், உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே, சுமார் இரண்டரை செ.மீ. அகலமும் மூன்றரை செ.மீ. உயரமும் உள்ள ஒரு சன்னல் வரைந்து, அந்த அளவுக்குத் தசை அடுக்கை மட்டும் நடுவில் கீறி, இடது வலது என்று இரண்டு கதவுகளாக உரித்துத் திறப்பார்கள். உள்ளே சளிச்சவ்வு முழுசாக இருக்கும், அதைக் கிழிக்கக் கூடாது. இப்போது அந்தச் சன்னலின் கீழ் விளிம்பில் மட்டும் சளிச்சவ்வில் ஒரு துளை போட்டு, உணவுக்குழாயின் வாயை அதில் தைப்பார்கள். உணவுக்குழாயின் பின்சுவரைச் சன்னலின் மேல் விளிம்போடு சேர்த்துத் தைத்து நிறுத்துவார்கள். கடைசியாக, திறந்து வைத்த இரண்டு தசைக் கதவுகளையும் உணவுக்குழாயின் மேல் இழுத்து மூடித் தைத்துவிடுவார்கள். இப்போது உணவுக்குழாயின் கடைசித் துண்டு இரைப்பையின் சுவருக்குள்ளேயே, சளிச்சவ்வுக்கும் தசைக்கும் நடுவில், புதைந்து கிடக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் வால்டியூப் என்று ஒரு சின்ன ரப்பர் போடுவோமே, பம்ப் அடிக்கும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று அதையே அழுத்தி அடைத்துக்கொள்ளும். அதே வேலைதான் இங்கேயும். மேலிருந்து சாப்பாடு வந்தால் வழி திறக்கும், இரைப்பை நிரம்பி அழுத்தினால் புதைந்த துண்டு தட்டையாகி மூடிக்கொள்ளும்.

ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 464 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் குறிப்பிடத்தக்க அளவு உணவுக்குழாய் புண் வந்தவர்கள் சுமார் 6 சதவீதம்தான். சும்மா நேராக இணைத்தால் வரும் அளவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ குறைவு. ஆனால் குறையும் இருக்கிறது. மடல் இறுக்கமாகிவிட்டால் இணைப்பு சுருங்கும், சிலருக்கு அறுவை முடிந்த சில வாரங்களில் சோறு இறங்காமல் மார்பில் நிற்கும், அப்போது எண்டோஸ்கோபி வழியாக பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் ஓரிரு தடவை விரித்தால் சரியாகிவிடும். இன்னொன்று, இதை ஸ்டேப்ளரால், அதாவது குடலை இணைத்துப் பின் அடிக்கும் கருவியால், செய்ய முடியாது, கையால் தைக்க வேண்டும், லேப்ரோஸ்கோபியில் தைப்பதென்றால் நேரமும் பழக்கமும் வேண்டும். நாலு பேருக்குச் செய்து பார்த்தவரிடம் போவதற்கும் தொடர்ந்து செய்துகொண்டிருப்பவரிடம் போவதற்கும் வித்தியாசம் நிறைய.

இதைவிடச் சுலபமான ஒரு முறையும் 2017 வாக்கில் ஜப்பானிலிருந்தே வந்தது. உணவுக்குழாயை இரைப்பையின் முன்சுவர் மேல் ஐந்து செ.மீ. நீளத்துக்குப் படுக்க வைத்து, ஸ்டேப்ளரைச் சற்றுத் திருப்பி உணவுக்குழாயின் இடது ஓரத்தை மட்டும் இரைப்பையோடு இணைத்துவிட்டு, வலது பக்கத்தை இரைப்பைச் சுவரோடு தைத்து ஒட்டிவிடுகிறார்கள். உணவுக்குழாய் தட்டையாக ஒட்டிக் கிடப்பதால் உள்ளழுத்தம் ஏறும்போது நசுங்கி மூடும். மிச்ச இரைப்பையின் உச்சியைப் போலியான குடையாக மேலே தூக்கி வைத்து உதரவிதானத்தோடு தைத்துவிடுவதும் இதில் சேர்ந்த வேலைதான். நான்காவது தடுப்பாகச் சொன்னேனே, அந்த உச்சி, அதை மறுபடி உண்டாக்கும் முயற்சி இது. உணவுக்குழாயைச் சுற்றி இரைப்பையை அரைச்சுற்று, முக்கால் சுற்று சுற்றித் தைப்பது இதற்கெல்லாம் முந்தியது. சாதாரண அமில எதுக்களிப்புக்கு நிசன் 1956-இல் வெளியிட்ட முழுச்சுற்று முறையும் அதன் பிறகு வந்த டூபே, டோர் முறைகளும்தான் அதற்கு மூலம். மேல்பாதியை எடுத்த பிறகு சுற்றுவதற்குத் தாராளமாக இரைப்பை மிஞ்சாது என்பதால் அங்கே அதன் பயன் குறைவு.

இந்த மடல், தட்டை, சுற்று எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான நிபந்தனை உண்டு: இணைப்பு வயிற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். புற்று உணவுக்குழாய்க்குள் ஏறியிருந்தால் அதையும் சேர்த்து வெட்ட வேண்டும், அப்போது இணைப்பு மார்புக்குள் போய்விடும். மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றில் கூடுகிறது, எல்லாம் மேலே உறிஞ்சப்படும். அந்த நிலைமையில் நான் குடலை நடுவில் வைக்கும் முறைகளைத்தான் நம்புவேன்.

குடலை நடுவில் வைப்பது என்றால் என்ன? ஜெஜுனம், அதாவது சிறுகுடலின் இரண்டாம் பகுதி, அலை அலையாகக் கீழ்நோக்கியே தள்ளும். அதை உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் பத்துப் பதினைந்து செ.மீ. வைத்தால், கீழிருந்து வருவது அந்த அலையை எதிர்த்து ஏற வேண்டும். நீளம் கூடினால் எதுக்களிப்பு இன்னும் குறையும், ஆனால் சாப்பாடு தேங்கும், பின்னால் எண்டோஸ்கோபி மிச்ச இரைப்பைக்குப் போய்ச் சேரவும் கஷ்டம். இதிலிருந்து வளர்ந்ததுதான் இப்போது கொரியாவில் அதிகம் செய்யப்படும் இரட்டைப் பாதை முறை. உணவுக்குழாயை ஜெஜுனத்தோடு இணைத்து, அதற்குப் பத்துப் பதினைந்து செ.மீ. கீழே மிச்ச இரைப்பையை அதே ஜெஜுனத்தின் பக்கவாட்டில் இணைத்து, இன்னும் சுமார் இருபது செ.மீ. கீழே பித்தநீர் கொண்டுவரும் குடலை இணைப்பார்கள். சாப்பாட்டுக்கு இரண்டு வழி. கொஞ்சம் இரைப்பைக்குள் போய் வழக்கமான பாதையில் இறங்கும், மிச்சம் நேராகக் குடலில் இறங்கும். மிச்ச இரைப்பையின் அமிலத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் அந்தப் பத்துப் பதினைந்து செ.மீ. குடல் நிற்கிறது.

இந்த முறையையும் முழு இரைப்பை அகற்றலையும் நேருக்கு நேர் வைத்து கொரியாவில் 138 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். எதுக்களிப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வைட்டமின் பி12 கொடுக்க வேண்டி வந்தவர்கள் மேல்பாதி மட்டும் எடுத்த பக்கம் குறைவு, உடல்திறன் போன்ற சில வாழ்க்கைத்தர அளவுகளும் அந்தப் பக்கம் நன்றாக இருந்தன. ஆக, பாதி வைத்தால் எதுக்களிப்பு நிச்சயம் என்பது இப்படி இணைத்தால் பொருந்தாது. பதிலுக்கு மூன்று இணைப்புகள், மூன்று இடத்தில் கசியும் வாய்ப்பு, குடலைத் தாங்கும் சவ்வில் உண்டாகும் இடைவெளிகளைத் தைத்து மூடாவிட்டால் பின்னால் ஒருநாள் குடல் அதற்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து. மூடுவீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சரி, முழு இரைப்பையையும் எடுத்தால் எதுக்களிப்பே வராதா? அமிலம் வராது, சுரக்கும் இரைப்பையே இல்லையே. ஆனால் பித்தநீரும் கணையநீரும் வரலாம், அவை அமிலத்தைவிடக் கொடூரமாக எரிக்கும். 1897-இல் சூரிச்சில் ஷ்லாட்டர் முதன்முதலாக முழு இரைப்பையையும் வெற்றிகரமாக எடுத்தபோது உணவுக்குழாயைச் சிறுகுடல் வளைவின் பக்கத்தில் அப்படியே இணைத்தார். அப்படி இணைத்தால் பித்தநீர் வழியிலேயே உணவுக்குழாய் உட்கார்ந்திருக்கும். இப்போது எல்லோரும் செய்வது சுவிட்சர்லாந்தின் ரூ பெயரில் உள்ள ஒய் வடிவ முறை: ஜெஜுனத்தை வெட்டி, கீழ்த்துண்டை மேலே தூக்கி உணவுக்குழாயோடு இணைத்துவிட்டு, பித்தநீர் கொண்டுவரும் மேல்துண்டை குறைந்தது 40 செ.மீ. கீழே, பல இடங்களில் 50, 60 செ.மீ. கீழே, கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த நீளம்தான் தடுப்பு. அவசரத்தில் 25, 30 செ.மீ.யில் முடித்துவிட்டால் நோயாளி வருடக்கணக்கில் மஞ்சளாக, கசப்பாக, ராத்திரியில் வாய்வரை வருகிறது என்று வந்து நிற்பார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இந்தத் தவறான மருந்தோடு வருகிறார். பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் அமிலச் சுரப்பை மட்டும்தான் குறைக்கும். முழு இரைப்பையும் எடுத்தவருக்கு நெஞ்செரிச்சல் என்றால் அது பித்தநீர், அந்த மாத்திரையைக் காலை மாலை போட்டாலும் ஒரு பயனும் இல்லை. மேல்பாதி மட்டும் எடுத்தவருக்கு அது உதவும், மிச்ச இரைப்பை சுரக்கிறது என்பதால். பித்தநீருக்கு சுக்ரால்ஃபேட் மாதிரி மேலே படிந்து காக்கும் மருந்து, பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் போன்றவை ஓரளவு கேட்கும். கேட்காவிட்டால் குடலின் நீளத்தை மாற்றி மறுபடி இணைப்பதுதான் தீர்வு.

பித்தவாந்தி என்றால் நம்ம மாவட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. பழைய தெற்குத் திருவிதாங்கூரில் டியோடினப் புண் அவ்வளவு அதிகம். 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமர்வெல், அது முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றும்போது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார், அவர் இங்கே அதிகம் கையாண்ட நோய்களில் ஒன்று இந்த வயிற்றுப்புண். மரச்சீனிக் கிழங்கும் எரிவான கறியும்தான் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள், உண்மையில் பெரும்பாலும் காரணமான எச். பைலோரி கிருமியை ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் அடையாளம் கண்டது 1980களில்தான். அந்தக் கிருமிக்கு மருந்து வருவதற்கு முன் புண்ணுக்கு வயிற்றைத் திறந்து இரைப்பையைக் குடல் வளைவோடு இணைக்கும் அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் இன்றும் மேல்வயிற்றில் நீளத் தழும்போடு நம்ம வீடுகளில் இருக்கிறார்கள். அதில் சிலருக்குக் காலையில் மஞ்சள் வாந்தி, எடை குறைவு. உங்கள் தாத்தா பாட்டி யாருக்காவது அப்படி இருந்தால், வயசானால் அப்படித்தான் என்று விடாதீர்கள். குடல் வளைவின் இரண்டு பக்கத்தையும் கீழே ஒன்றோடொன்று இணைக்கும் பிரவுன் முறை, அல்லது ஒய் வடிவத்துக்கு மாற்றுவது என்று வழி இருக்கிறது. அப்படி இணைத்துப் பல வருடம் ஆன மிச்ச இரைப்பையில் புற்று வரும் வாய்ப்பும் கூடும் என்பதால் ஒரு எண்டோஸ்கோபி எப்படியும் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மேல்பாதி மட்டும் எடுப்பது புற்று ஆரம்ப நிலையில், அதாவது சளிச்சவ்வையும் அதற்கும் தசைக்கும் நடுவில் உள்ள அடுக்கையும் தாண்டாமல், தசையைத் தொடாமல் இருந்து, எடுத்த பிறகு இரைப்பையில் பாதியாவது மிஞ்சினால்தான் முதல் தேர்வு. சி.டி. மட்டும் இதைச் சொல்லாது. எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் சுவருக்குள் எவ்வளவு ஆழம் என்று காட்டும், அது எடுத்தார்களா என்று பாருங்கள். ஆழமாகப் போயிருந்தாலோ நிணநீர்க் கட்டிகள் சந்தேகமாக இருந்தாலோ முதலில் கீமோ, பிறகு முழு அகற்றல் என்றே பெரும்பாலும் போவார்கள், அப்போது பாதியா முழுசா என்று வாதாட வேண்டாம். எதுக்களிப்பைச் சமாளிக்கலாம், புற்றை மிச்சம் வைத்தால் சமாளிக்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஆரம்ப நிலை என்று உறுதியானால் மேல்பாதி அகற்றலும் இரட்டைப் பாதையோ இரட்டை மடலோ அடிக்கடி செய்கிற கையும் கிடைக்கிறதா என்று தேடுவேன். அப்படிப்பட்ட கை கிடைக்காவிட்டால், நல்ல நீளத்தில் ஒய் இணைப்போடு முழு அகற்றலை யோசிக்காமல் ஏற்றுக்கொள்வேன். நேராக இணைத்துவிடுவோம், மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கே மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை வரம்பு உண்டு. எந்த மருத்துவமனையில் இந்த அறுவைக்கு அது செல்லும் என்று முன்பே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டேப்ளர் செலவு அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள், அதில்தான் கடைசி நேரத்தில் கணக்கு எகிறும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின், எந்த இணைப்பாக இருந்தாலும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு எட்டு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், அது இன்னும் மோசம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன் முடித்துவிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. ரப்பர் வெட்டுகிறவர் விடியுமுன்பே எழுந்து போகிறவர் என்பதால் அப்பா சீக்கிரம் படுப்பார், அதனால் சாப்பாட்டையும் முன்னே தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக: பயறு போட்ட கஞ்சி, முள் எடுத்த மீன், முட்டை, அவித்து மசித்த ஏத்தன்பழம். கிழங்கை முதல் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள், பிறகு நன்றாக மசித்துத் தொடங்கலாம். கருப்பட்டிக் காப்பியும் பாயசமும் வெறும் வயிற்றில் கொடுத்தால் குடலுக்குள் சர்க்கரை வேகமாக இறங்கி அரைமணி நேரத்தில் வியர்வையும் படபடப்பும் வரும், இது எதுக்களிப்பு இல்லை, பயப்படாமல் இனிப்பைக் குறைத்தால் போதும். மரத்தடியில் குனிந்து நின்று பால் வெட்டும் வேலைக்கு அவர் திரும்புவதை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள்.

முழுசாக எடுத்திருந்தால் பி12 ஊசி வாழ்நாள் முழுக்க வேண்டும். உடம்பின் இருப்பு சில வருடம் தாங்குவதால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது, அதை நம்பி விட்டுவிடுகிறார்கள், பிறகு கால் மரத்துப்போய் வந்து நிற்பார்கள். பாதி எடுத்திருந்தால் வருடத்துக்கு ஒருமுறை அளவு பார்த்துத் தேவைப்பட்டால் போடலாம். விழுங்க முடியாமல் போவது, ராத்திரி இருமலோடு காய்ச்சல், எடை தொடர்ந்து இறங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே போங்கள். எதுவும் வராவிட்டாலும் ஒரு வருடம் ஆகும்போது எண்டோஸ்கோபி கட்டாயம், ஏனென்றால் உணவுக்குழாயில் புண் இருந்தும் எரிச்சலே தெரியாதவர்கள் உண்டு. பயாப்சி ரிப்போர்ட்டும் அல்ட்ராசவுண்டில் ஆழம் எவ்வளவு என்று எழுதியதும் கையில் வந்ததும் இங்கே போடுங்கள், பெயர், ஃபோன் நம்பர் எல்லாம் மறைத்துவிட்டுப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.